பண்டாரவன்னியன் விளையாட்டுக்கு வாள், துவக்கு, பீரங்கி செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வன்னியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட சிற்றரசன் பண்டாரவன்னியனின் கதையை மேடையில் நடிக்கவோ, மைதானத்தில் இரண்டு அணியாகப் பிரிந்து விளையாட்டாக ஆடவோ விரும்பும் வன்னி ஆசிரியர்கள், இளைஞர்கள், பெற்றோர் ஆகியோருக்காக இந்தப் பக்கம். பொருள் பார்வைக்கு அந்தக் காலத்துப் பொருளாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் யாரையும் காயப்படுத்தக் கூடாது. வன்னியில் இதோடு மூன்றாவது நிபந்தனையும் உண்டு: வீதியால் போகிற ஒருவர் அதைக் கண்டு ஒரு நொடிகூடப் பயப்படக் கூடாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த மூன்றையும் மனதில் வைத்து எழுதியவை.

எந்தச் சம்பவத்தை விளையாடுவது நல்லது?

இரண்டு சம்பவங்கள் உண்டு. 1803 ஆகஸ்ட் 25 அன்று பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் ஆங்கிலேயர் கையில் இருந்த கோட்டையைப் பிடித்தான். அங்கிருந்த படைக்குப் பொறுப்பாக இருந்த கப்டன் வொன் டிறிபேர்க் வள்ளத்தில் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். கோட்டையில் இருந்த பீரங்கிகள் வன்னியனிடம் வந்தன. அதே ஆண்டு ஒக்ரோபர் 31 அன்று அதே டிறிபேர்க் படையோடு திரும்பி வந்து கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தார். ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் நாட்டிய நினைவுக்கல் சொல்வது இந்த இரண்டாவது நாளைத்தான்.

விளையாட்டுக்கு நான் முதலாவதைச் சொல்வேன். கோட்டை, பீரங்கி, வள்ளம் என்று பிள்ளைகள் ஓடிப் பிடிக்கவும் இழுத்துக்கொண்டு போகவும் அதில் பொருட்கள் இருக்கின்றன. கற்சிலைமடு மேடைக்குப் பொருந்தும். அதை நடிப்பாகச் செய்தால்தான் அதன் கனம் வெளியே வரும்.

கனடாவில இருக்கிற என்ர மச்சான் எயார்சொஃப்ற் துவக்கு நாலு அனுப்பிறன் எண்டு சொல்லுறார். வாங்கலாமோ?

வேண்டாம் என்று சொல்லுங்கள், தம்பி. அவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் அந்த விளையாட்டு வளர்ந்த சூழல் வேறு, எங்கள் சூழல் வேறு. எயார்சொஃப்ற் துவக்கு 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் குண்டைக் காற்றழுத்தத்தால் அல்லது சுருள்வில்லால் தள்ளுவது. வெளிநாடுகளில் அதற்கென்று வேலி போட்ட மைதானம் இருக்கிறது. கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி இல்லாமல் ஒருவரையும் உள்ளே விட மாட்டார்கள். அங்கேயே அதை உண்மைத் துவக்கென்று எண்ணிவிடக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் விற்பனைக்கு வரும்போது குழாயின் நுனி செம்மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். பிரித்தானியாவில் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் அசல் போலத் தோன்றும் போலித் துவக்குகளின் விற்பனையையே கட்டுப்படுத்துகிறது.

அந்த ஊர்களிலேயே இவ்வளவு கவனம் என்றால், 2009 வரை யுத்தம் நடந்த ஊரில் எவ்வளவு கவனம் வேண்டும்? எயார்சொஃப்ற் துவக்குகளில் மிகப் பெரும்பாலானவை இந்தக் காலத்து இராணுவத் துவக்குகளின் அச்சு. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பிள்ளை புதுக்குடியிருப்புச் சந்தியில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். சுங்கத்திலும் பொலிசிலும் வரும் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைக் காண்கிற ஒரு தாய்க்கு என்ன நடக்கும் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

மச்சான் உதவ விரும்பினால் நல்ல கண்ணாடி அனுப்பட்டும். வேலைத்தலத்தில் போடும், பக்கமும் மூடிய பிளாஸ்ரிக் கண்ணாடி. அதுதான் இங்கே இலேசில் கிடைக்காதது.

அப்ப துவக்கே இல்லாமல் 1803ஐ எப்பிடிக் காட்டிறது?

துவக்கு இருக்கலாம். அந்தக் காலத்துத் துவக்காக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆங்கிலேயப் படையின் கையில் இருந்தது சிக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் நீண்ட துவக்கு. எங்கள் காட்டுப்பக்கத்து வேட்டைக்காரர் வைத்திருந்த இடியன் துவக்கைப் போல குழாயின் முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் இடித்து நிரப்புவது. அதன் மொத்த நீளம் ஏறக்குறைய 140 சென்ரிமீற்றர், அதில் குழாய் மட்டும் ஒரு மீற்றர் அளவு. நிறை நாலு கிலோவுக்கு மேல். குழாய் பெரும்பாலும் மினுக்கிய இரும்பு நிறத்தில் இருந்தது, கட்டை மண்ணிறம். இந்த நிறந்தான் எங்களுக்குப் பெரிய உதவி. நீளமாக, மண்ணிறக் கட்டையோடு, வெள்ளி நிறக் குழாயோடு இருக்கும் ஒன்றை இந்த மண்ணில் ஒருவரும் இக்காலத் துவக்கென்று மயங்க மாட்டார்கள். எனவே கறுப்பு நிறம் பூசவே வேண்டாம். அது வரலாற்றுக்கும் பிழை, ஊருக்கும் பிழை.

செய்யும் முறை இது. குழாய்க்கு முக்கால் அங்குல பிவிசி பைப். வளர்ந்தவருக்கு 95 சென்ரிமீற்றர், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 70 போதும். பைப்பின் இரண்டு வாயையும் மரக்கட்டை வைத்து அடைத்து ஒட்டிவிடுங்கள். முன்வாயில் கட்டை வெளியே தெரிய வேண்டும். அதில் ஒன்றும் போட முடியாது, ஒன்றும் வெளியே வராது என்று பார்த்தவுடனே விளங்க வேண்டும். கட்டைக்கு முள்முருக்கு போன்ற பாரமில்லாத மரம், அல்லது பொதிப்பெட்டிப் பலகை. மரம் கிடைக்காவிட்டால் காட்போட் மட்டையை ஐந்தாறு அடுக்காகப் பைண்டர் கம் பூசி ஒட்டி, இரவு முழுக்கப் பாரம் வைத்து, காய்ந்த பிறகு அரத்தால் வடிவெடுக்கலாம். தோளில் வைக்கும் அடிக்கட்டை பின்பக்கம் அகன்று கீழ்நோக்கி வளைந்திருக்கும். இந்த வளைவு வந்தால் பாதித் துவக்கு வந்தமாதிரி.

அடுத்தது பற்றவைக்கும் பகுதி. வலப்பக்கத்தில் மூன்று துண்டு: சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய வளைந்த தாடை, அதற்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும் உருக்குத் தகடு, தகட்டுக்குக் கீழே சின்ன மருந்துக் கிண்ணி. விசையை இழுத்தால் கல் தகட்டில் உரசிப் பொறி கிண்ணியில் விழும். அந்த நெருப்பு சிறு துளையால் குழாய்க்குள் போகும். உண்மையில் நடப்பது இது. எங்கள் துவக்கில் மூன்றையும் தடித்த மட்டையில் வெட்டி ஒட்டினாலே போதும். சுருள்வில், அசையும் விசை, பொட்டுவெடி ஒன்றும் வேண்டாம். விரல் மாட்டும் வளையத்தையும் மெல்லிய றப்பரில் செய்யுங்கள். ஓடி விழும்போது விரல் முறிவது அங்கேதான்.

முனையில் குத்தும் கத்தியைப் பற்றிக் கேட்பார்கள். மேடைக்கு மட்டும், றப்பர்ச் செருப்பின் அடியை வெட்டிச் செய்து வெள்ளி நிறம் பூசிப் பொருத்தலாம். மைதானத்தில் கழற்றிவிட வேண்டும்.

முடிந்த துவக்கு ஒரு கிலோவுக்குக் கீழே நிற்கட்டும்.

அப்பப்பாவின்ர பழைய இடியன் வீட்டில கிடக்கு. துருப்பிடிச்சது, சுடாது. அதையே கொண்டுவரலாமோ?

இல்லை. துருப்பிடித்த குழாய்க்குள் பழைய மருந்து இறுகிக் கிடக்கலாம். வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதோடு, அது சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டிய சுடுகலன், விளையாட்டுப் பொருள் அல்ல. அதைப் பார்த்து வரைந்து அளவெடுக்கவும் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

காணி துப்புரவாக்கேக்க கிடைச்ச வெற்றுக் கோது, தகரக்கூடு, இரும்புக் குழாய் எல்லாம் இருக்கு. பீரங்கிக்குப் பாவிக்கலாமோ?

இதற்கு நான் நீட்டி விளக்கம் சொல்ல விரும்பவில்லை. பாவிக்கக் கூடாது. தொடவும் கூடாது. நிலத்தில் இருந்து வந்த எந்த இரும்பும், கோதாக இருந்தாலும், வெறும் குழாயாகத் தெரிந்தாலும், எங்கள் வேலைக்கு உதவாது. வெற்றென்று ஒருவர் சொன்னது வெற்றல்ல. கண்ணிவெடி அகற்றும் அணிகள் இவ்வளவு ஆண்டுகளாக இங்கே முழங்காலில் நின்று மண்ணைக் கிளறியது எதற்காக என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கண்டால் நின்ற இடத்தில் நின்று, வந்த அடிவழியே திரும்பி, தூரத்தில் ஓர் அடையாளம் வைத்து, 119க்கு அழைத்துப் பொலிசுக்குச் சொல்ல வேண்டும். பொருட்கள் எல்லாம் கடையில் வாங்கியதாகவோ, வீட்டில் பாவித்து முடிந்ததாகவோ இருக்கட்டும். பழைய இரும்புக் கடையிலிருந்தும் வேண்டாம்.

வாள் எப்படிச் செய்வது? மரவாள் போதாதா?

மேடையில் ஒருவரையும் தொடாமல் வீசுவதென்றால் மரவாள் போதும். மைதானத்தில் ஒருவரை ஒருவர் தொடும் விளையாட்டென்றால் மரம் ஆகாது. பனைமட்டையும் ஆகாது. கருக்கைச் சீவினாலும் நார் பிளந்து கையைக் கிழிக்கும். மூங்கில் நடுவில் பிளந்தால் அதன் சிலாம்பு கத்தியைவிட மோசம்.

நடுத்தண்டுக்கு அரை அங்குல பிவிசி பைப், 75 சென்ரிமீற்றர். புதுப் பைப்பாக இருக்க வேண்டும். கூரையில் வெயில் பட்டுக் கிடந்த பைப் உள்ளுக்குள் பொரிந்து போயிருக்கும், அடித்தால் கண்ணாடி போல உடையும். இரண்டு வாயையும் துணி அடைத்து, மேலே றப்பர் வட்டம் ஒன்றை ஒட்டுங்கள். நுனியில் அந்த றப்பர் இல்லாவிட்டால் பைப் கொஞ்ச நாளில் ஸ்பொஞ்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கண்ணுக்கு வரும் ஆபத்து அதுதான்.

அதற்கு மேலே ஏசி குழாய்க்குப் போடும் கறுப்பு ஸ்பொஞ்ச் குழாயை உருவிப் போடுங்கள். ஏசி, குளிர்சாதனப்பெட்டி திருத்தும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். நுனிக்கு அப்பால் குறைந்தது ஐந்து சென்ரிமீற்றர் வெறும் ஸ்பொஞ்ச் நீண்டு நிற்க வேண்டும். வாளின் தட்டை வடிவம் வேண்டுமென்றால் பிள்ளைகள் இருந்து விளையாடும் ஈவீஏ விரிப்பை இரண்டு நீளத் துண்டாக வெட்டிப் பைப்பின் இரு பக்கமும் வைத்து ஒட்டலாம். ஓரத்தைச் சாய்வாக வெட்டினால் கூர் இருப்பதுபோலக் கண்ணுக்குத் தெரியும். கைக்கு மெத்தையாகவே இருக்கும். செருப்பு ஒட்டும் கம்மை இரண்டு பக்கமும் பூசி, ஒட்டாமல் பத்து நிமிடம் காயவிட்டுப் பிறகு அழுத்தினால் பிடி விடாது. அந்தக் கம்மின் மணம் தலையைச் சுற்றவைக்கும். வளர்ந்தவர்கள், வெளி முற்றத்தில், நெருப்புக்கு எட்டத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை இது. பிள்ளைகளுக்கு வெட்டுவதையும் நிறம் பூசுவதையும் கொடுங்கள்.

இரும்பு நிறம் வருவதற்கு விலைகூடிய பெயின்ற் தேவையில்லை. கறுப்பு எமல்சன் ஒரு பூச்சு. காய்ந்த பின் வெள்ளி நிறத்தைக் கொஞ்சமாகத் துணியில் தொட்டு, துணியை உதறி, மேட்டுப் பகுதிகளில் மட்டும் உரசுங்கள். பள்ளங்களில் கறுப்பு நிற்கும். பிடிக்குப் பழைய சாரத்தின் கீற்றுகளை இறுகச் சுற்றினால் வியர்வையிலும் வழுக்காது.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

செய்தவர் முதலில் தன் தொடையிலும் முன்கையிலும் முழு வீச்சாக அடித்துப் பார்க்க வேண்டும். எரிந்தால் பரவாயில்லை. உள்ளே பைப்பின் கடினம் தெரிந்தால் இன்னொரு அடுக்கு ஸ்பொஞ்ச் வேண்டும். பிறகு நுனியைச் சுவரில் வைத்துத் தள்ளுங்கள். றப்பர் வட்டம் விரலுக்குத் தட்டுப்பட்டால் அந்த வாளை ஒதுக்கிவிடுங்கள்.

விளையாட்டு நாளன்று காலையில் ஒருவர் மட்டும் எல்லாப் பொருளையும் தொட்டுப் பார்த்து, சரியானவற்றில் பச்சை நூல் கட்டட்டும். பச்சை நூல் இல்லாதது மைதானத்துக்குள் வரக் கூடாது, அது அதிபரின் மகன் செய்த வாளாக இருந்தாலும் சரி. இந்தப் பொறுப்பைப் பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுக்கலாம். பதினாறு வயதுப் பிள்ளை பெரியவர்களைவிடக் கண்டிப்பாகச் செய்யும்.

ஈட்டி, அம்பு, வில்?

ஈட்டி மேடைக்கு மட்டும். தலையை ஸ்பொஞ்சில் செய்தாலும் தண்டு நீளமானதால் குத்தின் வேகம் கையில் தெரியாது. மைதானத்தில் ஈட்டி வீரர்கள் நின்று காவல் காக்கட்டும், ஓட வேண்டாம்.

அம்பு எய்ய வேண்டாம். நுனியில் என்ன கட்டினாலும் வேண்டாம். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவதே அழகு.

கேடயம்?

ஐம்பது சென்ரிமீற்றர் வட்டம், காட்போட் மூன்று அடுக்கு, ஒவ்வோர் அடுக்கின் கோடும் குறுக்குமறுக்காக. மேலே சாக்குத்துணியைப் பைண்டர் கம்மில் நனைத்து ஒட்டினால் தோல்போலக் கிடக்கும். விளிம்பைச் சுற்றி ஸ்பொஞ்ச் குழாயைப் பிளந்து மாட்டுங்கள். கேடயத்தால் வரும் காயம் எல்லாம் விளிம்பால்தான் வரும்.

பீரங்கி செய்ய ஆசை. பெரிதாக வேண்டும், ஆனால் பிள்ளைகள் இழுக்கவும் வேண்டும். முடியுமா?

முடியும். எனக்கு இந்த வேலைகள் எல்லாவற்றிலும் பிடித்தது பீரங்கிதான். முல்லைத்தீவுக் கோட்டையில் இருந்து அதை இழுத்து வருவதே விளையாட்டின் உச்சம். அதனால் இதில் நேரத்தைச் செலவழியுங்கள்.

முதலில் உருவம். பலர் ஒரே பருமனான குழாயைப் படுக்கவைத்துப் பீரங்கி என்கிறார்கள். அந்தக் காலப் பீரங்கி பின்னால் பருத்து முன்னால் ஒடுங்கும். மருந்து வெடிக்கும் இடம் பின்பக்கம், அங்கே உலோகம் தடிப்பாக இருந்தால்தான் தாங்கும் என்பதால் அந்த வடிவம். பின் முனையில் ஓர் உருண்டைக் குமிழ். நடுப்பகுதியில் இரண்டு பக்கமும் கட்டைவிரல் நீட்டியதுபோல இரண்டு முளைகள். அவற்றில்தான் பீரங்கி வண்டியில் தொங்கி மேலும் கீழும் அசையும். உடலில் இடையிடையே வளையங்கள். வாயில் சற்று விரிந்த உதடு. பின்பக்க மேற்புறத்தில் நெருப்பு வைக்கும் சிறு துளை. இவை எல்லாம் இருந்தால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது பீரங்கிதான்.

உள்கூட்டுக்குப் புடவைக்கடைகளில் துணிச்சுருள் முடிந்ததும் எறியும் தடித்த மட்டைக்குழாய்களைக் கேட்டு வாங்குங்கள். அவற்றில் ஐந்தாறை 120 சென்ரிமீற்றருக்கு வெட்டி, ஒன்றைச் சுற்றி மற்றவற்றை வைத்துக் கட்டுங்கள். பின்பக்கம் பொதிப்பெட்டிக்குள் வரும் வெள்ளை ரெஜிபோம் துண்டுகளை அடுக்கிப் பருமனைக் கூட்டுங்கள். ரெஜிபோமில் செருப்புக் கம்மும் ஸ்பிறே பெயின்றும் பட்டால் அது உருகிப் பள்ளம் விழும். அங்கே பைண்டர் கம்மும் தண்ணீர் பெயின்றும் மட்டும். இதை மறந்தவர்களின் பீரங்கி ஒரு மணித்தியாலத்தில் அம்மைத் தழும்போடு நிற்கும்.

பிறகு தாள் வேலை. பத்திரிகையைக் கையால் கிழித்து, கோதுமை மாக்கூழில் பாதிக்குப் பாதி பைண்டர் கம் கலந்து நனைத்து ஒட்டுங்கள். வெட்டிய தாளைவிடக் கிழித்த தாளின் ஓரம் ஒன்றோடொன்று நன்றாக இணையும். ஒருமுறைக்கு மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் முழுதாகக் காயவிட்டு, மொத்தம் ஒன்பது, பத்து அடுக்கு வரை போனால் பிள்ளை ஏறியிருந்தாலும் நசியாது. வளையங்களுக்குக் கயிற்றைச் சுற்றி அதற்கு மேலே தாள் ஒட்டுங்கள். குமிழுக்குப் பழைய றப்பர்ப் பந்து.

வண்டிக்கு மாட்டுவண்டிச் சில்லு தேடி அலைய வேண்டாம். அது பாரம், காலில் ஏறினால் எலும்பு போகும். கோட்டைகளில் இருந்த பீரங்கி வண்டிகளில் பல, நாலு சின்ன மரச்சில்லு பூட்டிய தாழ்ந்த கட்டைகள். பலகையில் 25 சென்ரிமீற்றர் வட்டம் வெட்டினால் போதும், சில்லைச் சுற்றிப் பழைய சைக்கிள் ரியூப்பை ஆணி இல்லாமல் ஒட்டிவிடுங்கள். இழுக்கும் கயிறு முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு. பின் கயிறு பிடிப்பவர்கள்தான் பிறேக். இறக்கமான நிலத்தில் அவர்கள் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும்.

நாங்க ஆகஸ்ட்டில செய்ததை ஒக்ரோபருக்கும் வைச்சிருக்கலாமோ?

வைத்திருக்கலாம், ஆனால் இரண்டு நாளும் இரண்டு காலநிலை. ஆகஸ்ட்டில் வன்னி வெயிலில் தாள் வேலை ஒரே நாளில் காயும். அதே வெயிலில் ரேப்பின் பசை இளகிப் பிடி கழரும், பிவிசி வளையும். வாளை மர நிழலில் வையுங்கள், தகரக் கொட்டிலுக்குள் வேண்டாம். ஒக்ரோபர் கடைசியில் மாரி தொடங்கிவிடும். அப்போது தாள் பீரங்கிக்கு எனமல் பெயின்ற் இரண்டு பூச்சாவது வேண்டும், அடிப்பக்கமும் உள்வாயும் உட்பட. ஈரம் ஏறுவது எப்போதும் பூசாமல் விட்ட அடிப்பக்கத்தால்தான்.

வெடிச்சத்தம், புகை?

பட்டாசு வேண்டாம். எங்கள் ஊரில் சத்தம் கேட்டவுடன் நிலத்தில் விழுந்து படுத்துப் பழகிய மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அந்தச் சத்தத்தை ஊருக்குள் எழுப்ப எங்களுக்கு உரிமை இல்லை.

பறையும் மேளமும் இருக்கின்றனவே. பீரங்கிக்குப் பெரிய பறையில் ஒரே அடி, துவக்குக்கு இரண்டு பலகையைச் சேர்த்து அடிக்கும் சத்தம். கூத்தில் அண்ணாவியார் மத்தளத்தாலேயே போர் முழுவதையும் நடத்திக் காட்டுவார். அந்த மரபு எங்கள் கையில் இருக்கும்போது வெடிமருந்தின் நகல் எதற்கு?

புகைக்கு மாவை ஊதுவதைச் சிலர் செய்கிறார்கள். மாத்தூள் காற்றில் பரந்து நிற்கும்போது தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றும். மேடையில் விளக்கோ தீப்பந்தமோ இருந்தால் அது நெருப்பு விபத்து. வெள்ளைத் துணிக் கீற்றுகளைத் தடியில் கட்டி, பறை அடித்த நொடியில் பீரங்கியின் வாயருகே இருந்து ஒருவர் வீசி எழுப்பட்டும். நாடகக் கண்ணுக்கு அது அழகாக இருக்கும்.

சுடாத துவக்கால் விளையாட்டில் ஒருவரை எப்படி 'விழுத்துவது'?

இங்கேதான் வரலாறு கைகொடுக்கிறது. நன்றாகப் பழகிய சிப்பாய்கூட அந்தத் துவக்கால் நிமிடத்துக்கு மூன்று முறை அளவில்தான் சுட்டான். ஒவ்வொரு முறையும் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, கிண்ணியில் கொஞ்ச மருந்து போட்டு மூடி, மீதியையும் குண்டையும் குழாய்க்குள் இறக்கி, கோலால் இடித்து, கோலை மீண்டும் செருகி, பிறகுதான் தூக்க முடியும். இதையே விளையாட்டின் விதியாக்குங்கள். சிப்பாய் துவக்கை நீட்டி 'சுடு' என்று கத்த, அருகில் நிற்பவர் பலகையைத் தட்ட வேண்டும். கூடவே அவருடைய தோழர் ஒரு துணிப்பந்தை எறிவார். பட்டால் பட்டது. அதற்குப் பிறகு சிப்பாய் இருபது எண்ணும் வரை இடித்து நிரப்பும் அசைவுகளை முழுதாகச் செய்ய வேண்டும். அந்த இருபதுக்குள் வன்னிப் படை பாய்ந்து வரலாம். கோட்டை ஏன் விழுந்திருக்கும், விழாமலும் இருந்திருக்கும் என்று பிள்ளைகள் உடம்பால் யோசிக்கத் தொடங்குவது அங்கேதான். ஒக்ரோபரில் விளையாடினால் இன்னொரு விதி சேர்க்கலாம்: மழை தூறினால் துவக்கு சுடாது, கிண்ணி மருந்து நனைந்துவிட்டது.

துணிப்பந்து பழைய காலுறைக்குள் துணி திணித்துக் கட்டியது. அளவு ரெனிஸ் பந்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதானால் கண்குழிக்குள் போகும். தோட்டாவுக்கு வெறும் வெள்ளைத்தாள் சுருள். உள்ளே மணலோ மாவோ போடாதீர்கள், வாயில் வைக்காமல் கையால் கிழிக்கட்டும்.

தலை, கழுத்து, இரண்டு தொடைக்கும் இடைப்பட்ட பகுதி தொடக் கூடாத இடங்கள். 'நில்!' என்று யார் கத்தினாலும், பார்வையாளர் கத்தினாலும், எல்லாரும் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

உடுப்பு?

ஆங்கிலேயச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை, மார்பில் குறுக்காக இரண்டு வெள்ளைப் பட்டி. அது போதும், தூரத்தில் இருந்து தெரியும். வன்னிப் படைக்கு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, தலைப்பாகை. இராணுவப் புள்ளிப் புடைவை எந்த வடிவத்திலும் வேண்டாம், தொப்பியாகக்கூட. இலங்கையில் பொதுமக்கள் அதை அணிவது சட்டச்சிக்கல். 1803இல் அப்படி ஒன்று இருக்கவும் இல்லை.

எங்கட மகன் துவக்கைக் கையில தொட மாட்டன் எண்டு நிக்கிறான், ரீச்சர். கட்டாயமோ?

கட்டாயமே இல்லை, அம்மா. காரணமும் கேட்க வேண்டாம். பறை அடிக்க ஆள் வேண்டும், ஓலை கொண்டு ஓட ஆள் வேண்டும், பச்சை நூல் கட்ட ஆள் வேண்டும். கோட்டைக்கொடி வரையவும், டிறிபேர்க்கின் வள்ளத்தை மட்டையில் செய்யவும் ஆள் வேண்டும். பனையோலையை வாட்டி, ஆணியால் கீறி, விளக்குக் கரி பூசித் துடைத்தால் எழுத்துக் கறுப்பாக எழும்பி வரும். அந்த ஓலையைச் செய்த பிள்ளைதான் விளையாட்டைத் தொடங்கிவைக்கிறான், ஏனென்றால் ஓலை வந்த பிறகுதான் படை எழும்பும். பெற்றோரில் ஒருவருக்கு விருப்பமில்லை என்றாலும் இதே பதில்.

யாருக்கு அறிவிக்க வேண்டும்? எங்கே விளையாடுவது?

அதிபர், கிராம அலுவலர், அண்மைப் பொலிஸ் நிலையம் மூன்றுக்கும் எழுத்தில். கடிதத்தோடு பொருட்களின் படத்தையும் வையுங்கள். அயல் வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். பறைச்சத்தம் எந்த நேரம் கேட்கும் என்பதையும் சொல்லுங்கள்.

இடம், ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் ஓடியாடும் பள்ளிக்கூட மைதானம் அல்லது கோயில் வெளிவீதி. காட்டோரம் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும் என்று ஆசைப்படாதீர்கள். வேலியோரப் பற்றைக்குள் பந்து போனாலும் வளர்ந்தவர்தான் எடுக்க வேண்டும். காலை ஒன்பதுக்குள் முடியுங்கள், அல்லது பின்னேரம் நாலுக்குப் பிறகு தொடங்குங்கள். தண்ணீர்க் குடம் இரண்டு பக்கமும். 1990 அம்புலன்ஸ் இலக்கம் எல்லாருடைய தொலைபேசியிலும்.

பொருட்களை ஏற்றி இறக்கும்போது சாக்கால் சுற்றிக் கட்டுங்கள். ஒட்டுசுட்டான் வீதியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் துவக்கு நீட்டிக்கொண்டு போகக் கூடாது, அது எவ்வளவு பழைய வடிவமாக இருந்தாலும்.

முடிந்த பிறகு எங்கே வைப்பது?

நிலத்தில் வைத்தால் கறையான் ஒரு மாதத்தில் பீரங்கியை வெறும் பெயின்ற் கூடாக்கிவிடும். மாக்கூழ் சேர்ந்ததால் எலியும் கரப்பானும் வரும். களஞ்சிய அறையில் வளையில் கயிறு போட்டுத் தொங்கவிடுங்கள், இடையில் வேப்பிலைக் கொத்து செருகுங்கள். வாள்களை நுனி மேலே இருக்க நிறுத்தாமல் படுக்கவையுங்கள், இல்லாவிட்டால் ஸ்பொஞ்ச் தன் பாரத்தில் கீழே சரிந்து நுனியில் பைப் தெரியத் தொடங்கும். துவக்குகளை மட்டும் பூட்டிவையுங்கள். சாவி அதிபரிடம். ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டால் வாளைக் கொடுக்கலாம். ஓலையைக் கொடுத்தால் இன்னும் நல்லது.